சங்கிலி ஜெபத்தில் என் முறை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வீடாம், அந்த வீட்டு முன்னறையிலே ஆறு பேர் கைகோத்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்களாம், ஆறு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கண்ணாம், பன்னிரண்டில் ஒன்பதரைக் கண் மூடியிருந்ததாம். ஊர் பாளையங்கோட்டை, வீடு எங்கள் வீடு, மூடாத இரண்டும் அப்பாவின் கண்கள், அரை என்னுடையது. தாத்தா சொல்கிற கதையாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தி ஒரு சிட்டிகை பொடி எடுப்பார், நான் ‘ம்’ கொட்டினால்தான் மேலே போவார். இங்கே ‘ம்’ செல்லாது, ஆமென்தான் செல்லும். செவ்வாய்க்கிழமை, சாயந்தரம் நாலரை மணி. நாளைக் காலை ஏழு மணிக்கு அப்பாவின் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார், என்ன தெரியும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, கேட்டால் திறக்காமலே சொல்லிவிடுவாரோ என்று பயம். அதற்குத்தான் இந்தச் சங்கிலி ஜெபம். ஒருவர் ஜெபித்து முடித்ததும் அடுத்தவர் கையை ஒரு அமுக்கு அமுக்குவார், அமுக்குப் பட்டவர் ஆரம்பிக்க வேண்டும். வாய்விட்டு ஜெபிக்க வராதவர்கள் பேசாமல் அடுத்த கையை அமுக்கிவிடலாம், கண்தான் மூடியிருக்கிறதே, யார் தாண்டினார் என்று யாருக்கும் தெரியாது. முதலில் உபதேசியார், அடுத்து பியூலா டீச்சர், அடுத்து அப்பாவின் அண்ணி தவமணி பெரியம்மா, அடுத்து நான், எனக்கு அடுத்து அம்மாவின் தம்பி வில்பிரட் மாமா, கடைசியில் அப்பா. அப்பாவின் மறுகை உபதேசியாரிடம். அமுக்கு சுற்றிவந்து அவரிடம் சேர்ந்ததும் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம், அதற்கப்புறம் பெரியம்மா கொண்டுவந்திருக்கிற கேசரி. நான் தாண்டிவிடுவேன். பதினாலு மாசமாக எல்லா வீட்டிலும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கும் தாண்டினால் போதும், அப்பா பிழைத்துக்கொள்வார்.

உபதேசியார் ஞானாபரணம் இன்னும் முதல் மூச்சிலேயே இருக்கிறார். அவருக்கு ‘ஆண்டவரே’ என்பது கமா, ‘தகப்பனே’ என்பது முற்றுப்புள்ளி, முற்றுப்புள்ளியை அவ்வளவு சீக்கிரம் வைக்கமாட்டார். “இந்த வேளையிலுங்கூட ஆண்டவரே, உம்முடைய அடியான் தனசிங் அவர்களுடைய பெருங்குடலிலே ஆண்டவரே, இடது பக்கத்திலே, நாலு புள்ளி இரண்டு சென்டிமீட்டர் அளவிலே ஆண்டவரே” என்று ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடவுளுக்கு வாசித்துக்காட்டுகிறார். வந்தவுடனே ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துப் படித்தபோதே எனக்குச் சந்தேகம்தான். இடது என்று அவர் சொன்னதும் அப்பா தன்னுடைய இடது பக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொள்கிறார், சரியாகத்தான் சொல்கிறாரா என்பதுபோல. அப்பா எந்த ஜெபத்துக்கும் கண்ணை மூடியதில்லை. முப்பத்தோரு வருஷம் மின்சார ஆபீஸில் ஒயர்மேன், கம்பத்தில் ஏறினவன் கண்ணை மூடினால் வீட்டுக்கு வரமாட்டான் என்பார். கம்பத்தில் சரி, கோயிலில் எதுக்கு என்று அம்மா கேட்டால், எங்க எது கீழ தொங்குதுன்னு யாருக்குத் தெரியும் என்பார். அதுமட்டுமில்லை, எங்கள் வீட்டில் ஜெபம் என்கிற இலாகா முழுவதும் அம்மாவுடையது. கரண்டு, குழாய், அரிசி வாங்குவது அப்பா. ஆண்டவர், அப்பளம், சொந்தக்காரர்கள் அம்மா. நானும் அம்மாவின் இலாகாவில்தான் பயிற்சியில் இருந்தேன். இலாகா பதினாலு மாசமாகக் காலியாகக் கிடக்கிறது.

அமுக்கு டீச்சரிடம் போய்விட்டது, குரல் மாறிவிட்டது, பியூலா டீச்சர் ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமாகியும் புவியியல் வகுப்பு எடுக்கிற குரலை விடவில்லை. டீச்சர் எப்போதும் உலகத்தின் ஓரத்திலிருந்துதான் கிளம்புவார், “மங்கோலியா தேசத்தின் ஜனங்களுக்காக” என்று ஆரம்பித்து ஒவ்வொரு எல்லையாகத் தாண்டி இறங்கி வருவார், பாளையங்கோட்டைக்கு வருவதற்குள் நமக்கு இரண்டு கால்களும் மரத்துவிடும். எனக்கு நேரம் இருக்கிறது. என் இடது கையில் பெரியம்மாவின் கை, வளையல் என் மணிக்கட்டில் இடிக்கிறது, தைலம் மணக்கிறது, அந்தக் கையில் ஒரு ஆத்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, சொல்லவேண்டியதெல்லாம் சேர்ந்து முட்டி நிற்கிற கை. வலது கையில் வில்பிரட் மாமாவின் கை, உருகின மெழுகுவத்திமாதிரி, மாமா தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன், இரண்டு ராத்திரியாக ஆஸ்பத்திரிக் காரியமாக அலைகிறார், தூங்கட்டும். கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சு வேண்டாம் என்று தோன்றுகிறது. அம்மாவின் கை கடைசி வாரத்தில் வீங்கி, மோதிரம் கழற்ற வராமல், சோப்பு போட்டுக் கழற்றினோம். அப்போதுகூட அம்மா, ஏலே மெதுவா, அது உங்கப்பா போட்ட நகையில மிச்சம் இருக்கிற ஒண்ணே ஒண்ணு, என்று சிரித்தாள். அதை நினைக்கக்கூடாது. மங்கோலியாவை நினை. மங்கோலியாவில் குதிரை இருக்கும், குளிர் இருக்கும், அங்கேயும் ஒருத்தன் அம்மா மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றியிருப்பான். இல்லை, அதையும் நினைக்கக்கூடாது.

நினைக்கக்கூடாதது இன்னொன்று இருக்கிறது, அதுதான் எப்போதும் முதலில் வரும். என் குரல் மெல்லிசு, கடையில் தீப்பெட்டி கேட்டால் இரண்டு தடவை கேட்கவேண்டும், கடைக்காரர் காதை நீட்டுவார். அப்பேர்ப்பட்ட நான், போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், வாலிபர் ஐக்கிய உபவாச ஜெபத்தில், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத தெம்பில் எழுந்து நின்று, யாரோ உள்ளே ஸ்பீக்கர் வைத்ததுபோல, “ஈஸ்டருக்கு எங்க அம்மா கோயிலுக்கு வருவாங்க, நான் விசுவாசிக்கிறேன்” என்று சத்தம் போட்டேன். கூட்டமே அல்லேலூயா என்றது. இரண்டு பேர் அழுதார்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லி எல்லாருக்கும் கேட்ட ஒரே வாக்கியம் அதுதான். அம்மா வந்தாள். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சாயந்தரம், ஆறு பேர் தூக்கி, நடுப்பாதை வழியாக, எல்லாருக்கும் முன்னால், வழக்கமாக உட்காருகிற தூணோரத்து பெஞ்சையும் தாண்டி. வருவாங்க என்று கேட்டேன், நடந்து என்று சொல்ல விட்டுப்போயிற்று. தாத்தா சொன்ன கதைகளில் வரம் கேட்கிற மடையன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான், எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லை விட்டுவிடுவான், அந்தச் சொல் இல்லாத ஓட்டை வழியாகத்தான் எல்லாம் ஒழுகிப்போகும். நாங்கள் சிரிப்போம், மடப்பயல் என்போம். அந்த மடையன் பாளையங்கோட்டையில் பி.காம் படித்துக்கொண்டிருந்தான் என்று தாத்தா சொல்லவே இல்லை. அப்படி நடக்காது, ஆண்டவர் அப்படிப்பட்டவர் அல்ல, சொல்லை வைத்து விளையாட மாட்டார், எனக்குத் தெரியும், சண்டே ஸ்கூலில் மூன்று வருஷம் முதல் பரிசு வாங்கியவன் நான். ஆனால் தெரிவது ஒரு அறையில் இருக்கிறது, பயம் அடுத்த அறையில் இருக்கிறது, நடுவில் கதவு கிடையாது.

சரி, ஒரு பேச்சுக்கு, நான் இன்றைக்கு ஜெபித்தே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம், எப்படிக் கேட்பது? அப்பா நல்லபடியாக வீட்டுக்குத் திரும்பவேண்டும். அம்மாவும் வீட்டுக்குத் திரும்பினாள், ஆம்புலன்ஸில். உயிரோடு திரும்பவேண்டும். உயிரோடு என்றால் மூக்கில் குழாயோடா? தன் காலில் நடந்து திரும்பவேண்டும். சரி, வாசல்வரை நடந்து வந்து அங்கேயே? வாசலைத் தாண்டி உள்ளே வந்து பல வருஷம் இருக்கவேண்டும். பல என்றால் எத்தனை, இரண்டும் பலதான். எண் போட்டுவிடலாம், இருபது. இருபது போட்டால் இருபத்தோராவது வருஷம் பிறக்கிற அன்றைக்கு நான் தூங்குவேனா? வலியில்லாமல் இருக்கவேண்டும். வலியில்லாமல் இருக்கிறவர்கள் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். கட்டி அந்த இடத்தைவிட்டுப் போகவேண்டும். எங்கே போகும், போய் வேறு இடத்தில் உட்கார்ந்தால்? ஐயோ, அதைத்தானே டாக்டரும் பயப்படுகிறார். சொத்துப் பத்திரம் எழுதுகிறவர்கள் வடக்கே இன்னார் வீட்டுச்சுவர், தெற்கே வாய்க்கால் என்று நாலு பக்கமும் அடைத்து எழுதுவார்கள், அதுமாதிரி ஒரு ஜெபம் எழுதித்தர யாராவது இருக்கிறார்களா? அப்படி எழுதினாலும் ஐந்தாவது பக்கம் ஒன்று இருக்கும், அது எழுதினபிறகுதான் தெரியும். ஆகையால் தாண்டுவதே நல்லது. பெரியம்மா அமுக்கினவுடன் மாமா கையை அமுக்கிவிடு. ஒரு வினாடிகூட வைத்துக்கொள்ளாதே, சூடான டம்ளர் மாதிரி. டீச்சர் எங்கே வந்திருக்கிறார்? நேபாளம். மெதுவாகத்தான் வருகிறார். பெரியம்மா ஒரு பெருமூச்சு விடுகிறாள், அது நேபாளத்தின்மேல் விட்ட பெருமூச்சு.

அப்போதுதான் அந்த எறும்பு. கட்டெறும்பு, கேசரிக்கு வந்த கட்டெறும்பு, வழியில் என் வலது காலின் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஏதோ விசாரிக்கப் போயிருக்கிறது. கடித்தது. நான் சத்தம் போடவில்லை, என் குரல் அதற்கெல்லாம் வராது, ஆனால் உடம்பு எங்கேயாவது கத்தவேண்டுமே, வலது கை கத்திவிட்டது, மாமாவின் கையை இறுக்கி ஒரு அமுக்கு. மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவருக்கு அது எந்த ஊர், என்ன கிழமை, எதற்காகக் கை பிடித்திருக்கிறோம் என்று எதுவும் தெரிந்திருக்காது, அமுக்கு வந்துவிட்டது, ஜெபிக்கவேண்டும், மூக்கில் கேசரி வாசம் அடிக்கிறது. “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று முழுக்குரலில் ஆரம்பித்தார், “நீர் எங்களுக்குத் தந்திருக்கிற இந்த ஆகாரத்துக்காக உமக்கு நன்றி. இதை ஆயத்தம் பண்ணின கைகளை ஆசீர்வதியும். இது எங்கள் சரீரத்துக்குப் பெலனாயிருக்கட்டும். ஆமென்.” பெரியம்மாவின் கை சற்றுக் குளிர்ந்தது, கேசரி அவளுடையதுதான். டீச்சர் நிறுத்துவார் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை, அடுத்த வகுப்பில் சத்தம் வந்தால் டீச்சர் தன் குரலை ஒரு படி ஏற்றுவாரே தவிர நிறுத்துகிற பழக்கம் கிடையாது, நேபாளம் இன்னும் கணீரென்று கேட்டது. மாமா அப்பா கையை அமுக்கியிருக்கவேண்டும். அரைக்கண்ணால் பார்க்கிறேன், அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், பியூஸ் போன இடத்தைப் பார்ப்பதுபோல, அப்புறம் ஒன்றும் சொல்லாமல் மறுகையால் உபதேசியாரை அமுக்கிவிட்டார். உபதேசியாருக்கு அமுக்கு திரும்ப வந்துவிட்டது, வந்தால் ஒரே அர்த்தம்தான், பரமண்டல ஜெபத்தை எடுத்தார். அதை எடுத்துவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்யமுடியாது, நாக்கு தானாகச் சேர்ந்துகொள்ளும், பெரியம்மா சேர்ந்தாள், மாமா சேர்ந்தார், நான் சேர்ந்தேன், டீச்சரும் இமயமலை அடிவாரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார். ஆமென். முடிந்துவிட்டது. நான் தாண்டவே வேண்டாம், முறையே வரவில்லை. அந்த எறும்பு நல்லா இருக்கட்டும்.

கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது பெரியம்மாவின் குரல்தான். “எனக்கு வரவே இல்லையே.” உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி, “யாருக்கும்மா வரல?” என்றார். “எனக்குத்தான். காலையில இருந்து மனசுக்குள்ள கோத்துக் கோத்து வச்சிருக்கேன். டீச்சர் இன்னும் வடக்க நிக்காவோ, அதுக்குள்ள இவரு சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணுதாரு.” மாமா தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே, “எனக்கு அமுக்கு வந்துச்சு மதினி, வராம நான் ஏன் பண்ணுதேன்? நல்ல அமுக்கு, வெரல் வலிக்கி” என்றார். “யாரு அமுக்குனா?” “ஆவியானவர் ஏவியிருப்பார்,” என்று உபதேசியார் மெதுவாகச் சொன்னார், சொல்லிவிட்டு அவருக்கே கேசரி விஷயம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, மேலே போகவில்லை. அப்பாதான் வாயைத் திறந்தார், மத்தியானத்துக்கு அப்புறம் முதல் தடவையாக. “லைன்ல ஷார்ட்டு,” என்றார். “வடபக்கம் சப்ளை சரியாத்தான் இருந்துச்சு. டீச்சர் வரைக்கும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தவமணி மதினிக்குக் கரண்டே போகல. ஷார்ட்டு இந்த எடத்துல,” என்று என்னைக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காலைப் பார்த்தேன். “எறும்பு கடிச்சிட்டு,” என்றேன். “என்னது?” என்றார் உபதேசியார். “எறும்பாம்,” என்று அப்பா எனக்காகச் சத்தமாகச் சொன்னார்.

“அப்ப இது செல்லாது,” என்றாள் பெரியம்மா. செல்லுமா செல்லாதா என்று ஒரு சின்ன விசாரணை நடந்தது. பரமண்டல ஜெபம் சொல்லியாகிவிட்டதே, அதற்கப்புறம் திறக்கலாமா என்று மாமா கேட்டார், அவர் கண் கேசரிமேல் இருந்தது. திறக்கலாம், ஒன்றும் தப்பில்லை, ஆனால் சுருக்கமாக இருக்கட்டும் என்று உபதேசியார் தீர்ப்பு சொன்னார், சுருக்கமாக என்று அவர் சொன்னதைக் கேட்டு டீச்சரே சிரித்துவிட்டார். மறுபடி கை கோத்தோம். பெரியம்மா ஆரம்பித்தாள். பெரியம்மா ஜெபம் பண்ணமாட்டாள், ஆண்டவருக்குக் கடிதம் போடுவாள், ஊர் நிலவரம் எதுவும் அவருக்குத் தெரியாது என்கிற மாதிரி. “ஆண்டவரே, உமக்குத் தெரியும், என் கொழுந்தனார் ஒரு எறும்பைக்கூட மிதிச்சவர் இல்ல. பெஞ்சாதியப் பறிகொடுத்து ஒண்ணேகால் வருசந்தான் ஆகுது. இந்தப் பிள்ளைக்கு வேற நாலு அரியர் கெடக்கு ஆண்டவரே, ஒரு வேலையும் இல்ல, நாலு மனுஷங்க முன்னால வாயத் தொறந்து பேசமாட்டேங்கான், இவனை எங்க தலையில கட்டிட்டு அவரைக் கொண்டுபோயிராதேயும் ஆண்டவரே.” இதில் அன்பு எவ்வளவு, என்னைப் பற்றிய புகார் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அமுக்கு வந்துவிட்டது. நான் உடனே மாமா கையைத் தேடினேன். மாமாவின் கை அங்கே இல்லை. இந்தத் தடவை நடுவிலேயே உருவிக்கொண்டு பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அரைக்கண்ணை அப்பா பக்கம் திருப்பினேன், அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நேராக, கம்பத்தின்மேல் நிற்கிறவனைக் கீழே நின்று பார்க்கிறவர்மாதிரி. “செய்லே,” என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் சொன்ன விதத்தில் கொஞ்சம் வேறு ஏதோ இருந்தது, நேற்று ராத்திரி தூக்கம் வராமல் தண்ணீர் கொண்டா என்று கேட்டபோது இருந்ததே, அந்தக் கெஞ்சல்.

நாக்கில் அந்தப் பத்திரம்தான் இருந்தது, வடக்கே நடந்து, தெற்கே உயிரோடு, கிழக்கே இருபது வருஷம். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம். வெளியே யாரோ ஆட்டோவைத் திருப்புகிறார்கள். அப்பாவின் மூச்சு, அதில் கடைசியில் ஒரு சின்னப் பிடிப்பு, போன மாசம்வரை அது இல்லை. நான் சொன்னேன், எனக்கே கேட்காத குரலில், “ஆண்டவரே.” “சத்தமா,” என்றாள் பெரியம்மா, கண்ணைத் திறக்காமல். “ஆண்டவரே, போன தடவை அம்மாவுக்கு நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. இந்தத் தடவை நான் ஒண்ணும் கேக்கல. நீங்க அப்பாவை ஒண்ணும் செய்யாதீங்க. நல்லதும் செய்யவேண்டாம், எதையும் தொடவேண்டாம். டாக்டர் செய்வாரு, அவருக்குத் தெரியும். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க.” அதற்குமேல் ஒன்றும் இல்லை. முடிக்கவேண்டிய சொல் மட்டும் வரவேயில்லை, ஆமென் என்றால் அப்படியே ஆகக்கடவது, எது ஆகக்கடவது என்று எனக்குத் தெரியாதே. எனக்குப் பதிலாக வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. இப்படி ஒரு விண்ணப்பத்துக்கு ஆமென் சொல்லலாமா என்று எல்லாரும் உபதேசியாரையே எதிர்பார்த்திருந்திருக்கவேண்டும். உபதேசியாரின் தொண்டையில் ஒரு ‘ஆ’ வந்து நின்று திரும்பிப்போனது எனக்குக் கேட்டது.

“ஆமென்,” என்றார் அப்பா. அப்பாவுக்கு அந்தச் சொல் பழக்கமில்லை, ஸ்விட்சைத் தட்டுகிற மாதிரி இருந்தது. எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டோம். “அவன் சொன்னதுதான் சரி,” என்றார். “லைன்ல ஆளு வேல செய்யுறப்ப மெயினை ஆஃப் பண்ணிரணும். எம்புட்டுப் பெரிய பவர்ஹவுஸா இருந்தாலும் சரி. ஆளு எறங்குன பொறவு போட்டுக்கிடலாம்.” உபதேசியார் முகம் கொஞ்ச நேரம் ஒரு நிலைக்கு வரவில்லை. “அண்ணாச்சி, ஆண்டவரை ஆஃப் பண்ண முடியுமா?” என்றார், பரிதாபமாக. “அவரா பண்ணிக்கிடுவாரு, ஒயர்மேன் சொன்னா கேக்காத சப்ஸ்டேஷன் உண்டா?” என்று அப்பா என் பக்கம் திரும்பினார். “ஏலே கிப்ட்சா, பதினாலு மாசமா நீ இதையா வச்சிக்கிட்டு இருந்த? நீ கேட்டுத்தான் உங்கம்மா போனாளா?” நான் மறுபடி என் காலைப் பார்த்தேன். “உன் ஜெபத்துக்கு அம்புட்டுப் பவர் இருந்திருந்தா அந்த நாலு அரியரும் எப்பமோ முடிஞ்சிருக்குமேல,” என்றார். மாமாதான் முதலில் சிரித்தார், வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. அப்புறம் பெரியம்மா, அப்புறம் டீச்சர். நானும் சிரித்தேன், சிரிக்கும்போது மூக்கு ஒழுகியது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாத தண்ணீர். அப்பா சிரிக்கவில்லை, சிரித்தால் வயிறு இழுக்கும், கையால் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் சிரித்தார். “அவளுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு,” என்றார் பிறகு, யாரிடமும் இல்லாமல். “நீ கேக்கலன்னாலும் போயிருப்பா. நீ கேட்டதுல அவளுக்கு ஒரு சந்தோசம். சொல்லிச் சொல்லி மாய்ஞ்சா, என் மவன் மைக் இல்லாம பேசிட்டான்னு.” இது எனக்குத் தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேசரி தட்டு கைக்கு வந்தது, நான் சாப்பிட்டேன், இனிப்பு கூடுதல், முந்திரி கணக்குப்பார்த்துப் போட்டது. பதினாலு மாசம். மைக் இல்லாமல். இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்றாள் பெரியம்மா, வையுங்க என்றேன், வையுங்க என்றது அவளுக்கு ஒரே தடவையில் கேட்டது.

அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார், ராத்திரி எட்டு மணிக்குமேல் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. உபதேசியார் வண்டியை எடுக்கும்போது, “தம்பி, நீ சொன்னதை நான் கொஞ்சம் யோசிக்கணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மாவை மாமா கூட்டிக்கொண்டு போனார், கார் சொல்லிவிட்டு வருகிறேன், காலையில் அஞ்சரைக்கு ரெடியாய் இரு என்றார். டீச்சருக்குச் செருப்பு மாட்ட நேரமாகும், முட்டி மடங்காது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நுழைத்தார், நான் குடையை வைத்துக்கொண்டு நின்றேன். கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டார். “கிப்ட்சன், நான் ஏன் அவ்வளவு தூரத்துல இருந்து கிளம்பி வாரேன், தெரியுமா?” “தெரியாது டீச்சர்.” “எங்க வீட்டுக்கார சார் படுக்கையில விழுந்து ஒன்பது வருஷம். ஆளைத் தெரியாது, என்னை யாரோ நர்ஸுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. ஒவ்வொரு தேசமா வந்து, மெட்ராஸ் வந்து, மதுரை வந்து, எங்க தெருமுனைக்கு வந்ததும் அடுத்த ஆள் கையை அமுக்கிருவேன். வீட்டுக்குள்ள போனதே இல்ல.” நான் குடையை நீட்டினேன். “என்ன கேக்கணும்னு தெரியல,” என்றார் டீச்சர், “எதைக் கேட்டாலும் பயமாத்தான் இருக்கு. நீ கேட்ட மாதிரி கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. பக்கத்துல நில்லுங்கன்னு.” குடையை வாங்கிக்கொண்டார். “நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் போன் பண்ணு. என்ன ஆனாலும் பண்ணு.” பண்ணுகிறேன் என்றேன். அவர் நடந்தார், வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து, எதிர்ப்பக்கம் போகவேண்டும், நடுரோட்டுக்கு வந்துவிட்டார், அந்த நேரத்தில் வளைவிலிருந்து ஒரு பஸ், டீச்சர் அதைப் பார்க்கவில்லை, குடையை விரித்துக்கொண்டிருந்தார். “ஆண்டவரே, பஸ்ஸு,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்த பஸ், பஸ்ஸை என்ன செய்யவேண்டும், எத்தனை மணிக்கு, நடந்தா உயிரோடா, ஒன்றும் சொல்லவில்லை, நாலு பக்கமும் திறந்து கிடந்தது. பஸ் நின்றது. அங்கே ஸ்டாப் இருக்கிறது, எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும், சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். டீச்சர் டிரைவருக்கு ஒரு கையைக் காட்டிவிட்டு, அந்தப் பக்கத்து நடைபாதையில் ஏறி, மருந்துக்கடைச் சந்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்து போனார்.